அடைப்புக்குறிக்குள் ஒரு வயது

நான் எழுதிய அந்தச் செய்தியில் பதினொரு வாக்கியங்கள். பத்து சரி. ஆறாவது வாக்கியத்தில் அடைப்புக்குறிக்குள் போட்ட எண் தவறு. யாரும் அதைக் கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடித்தவன் நான் மட்டும்தான்.

அப்போது நான் ஒரு நாளிதழின் பகுதி நேர நிருபர். வீடு விழுப்புரத்தில், வேலை திண்டிவனத்தில். காலை பாசஞ்சரில் போவேன், சாயங்காலம் கிடைத்த வண்டியில் திரும்புவேன். எனக்கென்று அலுவலகம் கிடையாது. பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்த ஒரு ஜெராக்ஸ் கடையில் மூலையில் ஒரு ஸ்டூல் போட்டுக் கொடுத்திருந்தார்கள். அங்கிருந்துதான் செய்தி அனுப்புவேன். மாவட்டச் செய்திகளைப் பார்க்கும் பொறுப்பாளர் விழுப்புரத்தில் இருந்தார். நான் அனுப்புவதை அவர் படித்து, வெட்டி, தலைப்பு போட்டு மேலே அனுப்புவார்.

திண்டிவனத்துக்குப் பக்கத்துக் கிராமத்தைச் சேர்ந்த ஒருவர் கபடியில் பெரிய ஆளாகியிருந்தார். டிவியில் வரும் பெரிய போட்டிகளில் ஆடினார். ரெய்டுக்குக் கிளம்பும்போது நடுக்கோட்டைக் குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் ஓடுகிற பஸ்ஸில் ஏறும்போதுகூடப் படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். மேம்பாலத்துக்குக் கீழே அவருக்கு ஆளுயர ஃப்ளெக்ஸ்கள் இருந்தன. ஒன்றில் அவர் புலி மேல் உட்கார்ந்திருந்தார்.

கார்த்திகை மாதத்தில் ஒரு திங்கட்கிழமை அவருடைய மனைவி கைக்குழந்தையுடன் மகளிர் காவல் நிலையத்துக்கு வந்து புகார் கொடுத்தார். கணவருக்கு வேறு ஒரு பெண்ணுடன் தொடர்பு, தன்னையும் குழந்தையையும் விட்டுவிட்டார் என்பது புகார். அன்று சாயங்காலமே ஓர் ஆடியோ எல்லோருடைய போனிலும் வந்துவிட்டது. அவரும் ஒரு பெண்ணும் பேசிக்கொள்வது. நான்கு நிமிடம். அதில் மூன்று நிமிடம் அவருடைய முட்டியைப் பற்றியது. ஐஸ் வைத்தாயா, வீக்கம் குறைந்ததா, மாத்திரை போட்டாயா என்று அந்தப் பெண் கேட்கிறார். கடைசியில் அவர் தன் மனைவியைப் பற்றி ஒரு வாக்கியம் சொல்கிறார். நல்ல வாக்கியம் இல்லை. அவ்வளவுதான். அதைத் தவிர வேறு எதுவும் இல்லாததால் ஜனங்கள் திரும்பத் திரும்பக் கேட்டார்கள், ஏதாவது விட்டுவிட்டோமோ என்று.

மறுநாள் காலை பாசஞ்சரில் டிபன் பையை மடியில் வைத்திருந்த ஒருவர் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"சவுண்டு வையிப்பா, பின்னாடி கேக்கல."

"இன்னாத்த கேக்கறது? முட்டி வலிக்குதாம்."

"முட்டி ஏன் வலிக்குதுன்னு கேளு."

பெட்டி முழுவதும் சிரித்தது. ஜன்னலோரம் பூ கட்டிக்கொண்டிருந்த, மின்வாரியத்தில் வேலை செய்யும் அம்மாள் தலையைத் தூக்காமல் சொன்னார்: "கட்டினவ கைக்கொழந்தையத் தூக்கிக்கினு ஸ்டேஷன்ல நிக்கறா. உங்களுக்கு சிரிப்பு பொத்துக்கினு வருது."

"அவனைப் பாத்துத்தான்க்கா சிரிக்கிறோம்."

"அவனை எங்க சிரிக்கறீங்க. அவன் இங்கயா இருக்கான்."

மயிலம் தாண்டியதும் டிபன் பைக்காரர் மறுபடியும் ஆரம்பித்தார். "அது இருக்கட்டும். யாரு அந்தப் பொம்பள? அதைச் சொல்லுங்க மொதல்ல."

அந்தக் கேள்வியை நான் குறித்துக்கொண்டேன். நோட்டில் இல்லை, மனத்தில். திங்கட்கிழமை சாயங்காலம் ஊர் அவரைப் பற்றிப் பேசியது. செவ்வாய்க்கிழமை காலையிலேயே அவரை விட்டுவிட்டது.

அன்று பகலிலேயே ஃப்ளெக்ஸ்களைக் கிழித்தார்கள். வைத்தவர்களே வந்து கிழித்தார்கள். ஒன்றுக்குச் செருப்பு மாலை போட்டுப் படம் எடுத்துவிட்டு இறக்கினார்கள். ஃப்ளெக்ஸை எங்கள் ஊரில் யாரும் குப்பையில் போடுவதில்லை. மத்தியானம் மழை பிடித்தபோது வேளாண் விற்பனைக் கூடத்தில், எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்று சொல்லும் வேர்க்கடலை மூட்டைகளின் மேல் அவர் முகத்தைக் கவிழ்த்துப் போர்த்தியிருந்தார்கள். காற்றில் ஒரு மூலை தூக்கிக்கொள்ளும்போதெல்லாம் புலியின் வால் தெரிந்தது.

"தலைவரு இப்ப மல்லாட்டைக்குக் காவல்," என்றார் எடை போடுகிறவர்.

"காவலா? இன்னிக்கு ராத்திரிக்குள்ள மூட்டையில பாதி அவனோட போயிடும் பாரு."

நான் மகளிர் காவல் நிலையத்துக்குப் போனேன். புகாரின் நகலைக் கொடுக்க மாட்டோம் என்றார்கள். எனக்குப் பல வருடப் பழக்கமான பெண் ஏட்டு ஒருவர் மட்டும் முக்கியமானதை வாயால் சொன்னார். அந்தப் பெண் திண்டிவனத்தில் ஒரு தனியார் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. பெயரைச் சொல்லிவிட்டு, போடக்கூடாது என்றார். போடமாட்டேன் என்றேன். எனக்கு அந்தப் பெயர் தெரிந்த பெயர் இல்லை.

"வயசு?"

"புகார்ல இல்ல சார். அந்தம்மாவுக்கு எப்படித் தெரியும்? ஒரு முப்பது, முப்பத்திரண்டு இருக்கும். அவரு வயசை வச்சுப் பாத்தா அவ்ளோதான இருக்கும்."

அவருக்கு இருபத்தொன்பது.

செய்தித்தாளில் யார் வந்தாலும் வயது வரும். லாரி மோதிச் செத்தவருக்கும் சங்கிலி பறித்தவருக்கும் மாநிலத்தில் முதலாவதாக வந்த மாணவிக்கும் ஒரே மாதிரி அடைப்புக்குறி. பெயர் போடக்கூடாத இடத்தில் அது இன்னும் முக்கியம். பெயர் இல்லை, வயதும் இல்லை என்றால் வாசகருக்கு நம்பிக்கை வராது, நிருபர் ஏதோ கேள்விப்பட்டு எழுதியிருக்கிறார் என்று நினைப்பார். வயது போட்டால் ஆள் இருக்கிறார் என்று அர்த்தம், நிருபர் பார்த்துவிட்டார் என்று அர்த்தம். எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தவர்கள் யாரும் இல்லை. எல்லோரும் அப்படித்தான் செய்தோம்.

நான் வயது இல்லாமல்தான் அனுப்பினேன். அரை மணி நேரத்தில் பொறுப்பாளர் கூப்பிட்டார்.

"யோவ், பொம்பளைக்கு வயசு எங்கய்யா?"

"புகார்ல இல்லீங்க."

"புகார்ல இல்லன்னா விசாரிக்க மாட்டியா? ஜல்தி சொல்லு, பக்கம் அச்சுக்குப் போகணும்."

"முப்பத்திரண்டு," என்றேன்.

மறுநாள் ஆறாவது வாக்கியம் இப்படி வந்தது: திண்டிவனத்தில் உள்ள தனியார் பள்ளி ஒன்றில் விளையாட்டு ஆசிரியையாகப் பணியாற்றும் பெண் (32) ஒருவருடன் தன் கணவருக்குப் பழக்கம் ஏற்பட்டதாக அவர் புகாரில் கூறியுள்ளார்.

புதன்கிழமை மத்தியானத்துக்குள் ஊர் ஆளைக் கண்டுபிடித்துவிட்டது. வேறு ஆளை.

ஊர் பிடித்துக்கொண்ட அந்த டீச்சரை எனக்குத் தெரியும். ரயிலடிப் பக்கத்தில் உள்ள ஒரு பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. சொந்த ஊர் வானூர் பக்கம், விவசாயக் குடும்பம். கணவர் துபாயில் ஏசி மெக்கானிக். டீச்சர் மாமியாருடன் திண்டிவனத்தில் இருந்தார். அந்தப் பள்ளியில் கபடி என்ற பேச்சே இருந்ததில்லை. அவர் வந்துதான் மைதானத்தில் கல் பொறுக்கி, மண் கொட்டி, நான்கு வருடத்தில் ஒரு பெண்கள் அணியை உருவாக்கினார். இரண்டு வருடத்துக்கு முன்னால் அந்தப் பள்ளியின் விளையாட்டு விழாவுக்கு அந்தக் கபடி வீரர் சிறப்பு விருந்தினராக வந்தார். அப்போது படம் எடுத்தவன் நான்.

அந்தப் படத்தில் பன்னிரண்டு பேர். நடுவில் கோப்பை. இடது பக்கம் தாளாளர், தலைமையாசிரியை. வலது பக்கம் வீரர், அவருக்குப் பக்கத்தில் டீச்சர். முன்னாலும் பின்னாலும் எட்டுப் பெண்கள். படம் எங்கள் பத்திரிகையில் வந்திருந்தது, இணையத்திலும் இருந்தது. புதன்கிழமை சாயங்காலம் ஒவ்வொரு ஸ்டேட்டஸிலும் நான் பார்த்த படத்தில் இரண்டு பேர்தான் இருந்தார்கள். நன்றாக வெட்டியிருந்தார்கள், அவசரத்தில் ஒன்றை மட்டும் விட்டுவிட்டார்கள். டீச்சரின் தோளின் மேல் உடம்பில்லாத நான்கு விரல்கள் இருந்தன. பின்னால் நின்ற பெண் ஒருத்தி சந்தோஷத்தில் வைத்த கை அது. பார்த்தவர்கள் எல்லோரும் அதை அவருடைய கை என்று எடுத்துக்கொண்டார்கள். அவருடைய இரண்டு கையும் கோப்பையைப் பிடித்திருந்தது படத்திலேயே தெரிந்தது. யாரும் கைகளை எண்ணவில்லை.

வியாழக்கிழமை டீக்கடையில் இரண்டு பேர்.

"புருஷன் துபாய்ல வேகறான்."

"இவளுக்கு இங்க கபடி."

"கபடின்னா மூச்சுப் பிடிக்கணும்பா. சும்மாவா."

கடைக்காரர் என்னைப் பார்த்து, "சார் போட்டுட்டாரு, கரெக்டா வயசோட," என்றார். பாராட்டாகத்தான் சொன்னார். அந்த டீச்சர் இல்லை, வேறு ஒருவர் என்று சொன்னேன். "நீங்க அப்படித்தான் சொல்லணும் சார், பேரு சொல்லக்கூடாதுல்ல," என்று சொல்லி, அரைச் சர்க்கரை போட்டு எனக்கு டீயைக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை காலையில் மகளிர் நிலையத்துக்கு மறுபடியும் போனேன். முந்தின நாள் அந்தப் பெண்ணை, உண்மையான அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு விசாரித்திருந்தார்கள். ஏட்டு சிரித்தார்.

"நாம நெனச்சது தப்பு சார். நாப்பத்தொண்ணு. அவரைவிடப் பன்னண்டு வயசு பெரியவங்க. வந்துட்டு லீவு எழுதிக் குடுத்துட்டு அம்மா ஊருக்குப் போயிட்டாங்க. ஊர்ல ஒருத்தருக்கும் சந்தேகமே வரல பாருங்க."

ஏன் வரவில்லை என்று எனக்குத் தெரிந்தது. நான் முப்பத்திரண்டு என்று எழுதியதால் வரவில்லை.

அன்று சாயங்காலம் நான்கரை மணிக்கு டீச்சர் ஜெராக்ஸ் கடைக்கு வந்தார். பள்ளிக்கூடத்திலிருந்து நேராக வந்திருந்தார். ட்ராக் பேன்ட், மேலே துப்பட்டா, கழுத்தில் விசில். கையில் புதன்கிழமைப் பேப்பர் நான்காக மடித்திருந்தது. கடைக்காரப் பெண் ஜெராக்ஸ் எடுப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

"இது நீங்க எழுதினதா சார்?"

"ஆமா டீச்சர்."

"இது நானா?"

"இல்ல. வேற ஒருத்தங்க."

"உங்களுக்குத் தெரியுது, எனக்குத் தெரியுது." பேப்பரை என் முன்னால் வைத்தார். "இந்த ஊர்ல பொம்பள பி.டி. டீச்சர் நாலு பேரு சார். ஒருத்தருக்கு ரிட்டையர் ஆகப் போவுது. ரெண்டு பேருக்கு நாப்பது தாண்டியாச்சு. முப்பத்திரண்டு நான் ஒருத்திதான்."

அந்த நாற்பது தாண்டிய இரண்டு பேரில் ஒருவர்தான் அது. அவர் வாயாலேயே சொன்னார், அவருக்குத் தெரியாமல்.

பிறகு நிதானமாக, மேட்ச் விவரம் சொல்வது போல, நடந்ததைச் சொன்னார். அடுத்த வியாழக்கிழமை விழுப்புரத்தில் மாவட்டப் போட்டி. ஏழு பேர் ஆட வேண்டும். புதன்கிழமை வரை ஒன்பது பேர் பயிற்சிக்கு வந்தார்கள், நேற்று ஆறு பேர், இன்று ஐந்து. நன்றாக ரெய்டு போகிற பெண்ணின் அப்பா பள்ளிக்கூட வாசலுக்கு வந்து, எம் பொண்ணுக்கு நீ கபடிதான் சொல்லிக் குடுக்கறியா என்று கேட்டாராம். துபாயிலிருந்து கணவர் பேசினார். திட்டவில்லை. படத்தில் தோளில் இருப்பது யார் கை என்று மட்டும் கேட்டார். மாமியார் இரண்டு நாளாகப் பேசவில்லை.

"தாளாளர் திங்கக்கெழம வரைக்கும் டைம் குடுத்திருக்காரு. பேப்பர்ல வந்துடுச்சேம்மா, பேப்பர்லயே இல்லன்னு வந்தா பாக்கலாம்கறாரு. அது வந்தாத்தான் வேலை. அது வந்தாத்தான் பசங்க ஆட முடியும். நீங்க போட்டாத்தான் சார்."

எங்கள் தொழிலில் இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று திருத்தம்: பத்திரிகை தன் தவற்றை ஒப்புக்கொள்வது. இன்னொன்று மறுப்பு: பாதிக்கப்பட்டவர், அது நான் இல்லை என்று சொல்வதைப் பத்திரிகை வெளியிடுவது. மறுப்பு சுலபம், அதில் எங்களுக்குப் பொறுப்பு இல்லை. திருத்தம் போட வேண்டுமானால் தவறு எப்படி நேர்ந்தது என்று நான் எழுதித் தர வேண்டும், அது தலைமை அலுவலகம் வரை போகும். முந்தின வருடம் பக்கத்துத் தாலுகா நிருபர் ஒருவர் படம் மாற்றிப் போட்டதற்கு அப்படி எழுதிக் கொடுத்தார். அந்த மாதக் கடைசியில் அவருடைய இடத்தில் வேறு ஒருவர் இருந்தார்.

ஒரே ஒரு வரித் திருத்தம் போதுமானதாக இருந்தது. 'அச்செய்தியில் குறிப்பிடப்பட்ட வயது உறுதிசெய்யப்படாதது, தவறானது.' யார் பெயரும் வேண்டாம். சரியான வயதும் வேண்டாம், அந்த இன்னொரு பெண்ணையும் அது காட்டிக்கொடுக்காது. தாளாளர் மேசையில் அந்த ஒரு வரியை வைத்தால் டீச்சருக்குப் போதும். ஸ்டூலில் உட்கார்ந்திருந்த நேரத்தில் அந்த வாக்கியத்தை நான் மனத்துக்குள் முழுதாக எழுதியும் பார்த்தேன்.

பொறுப்பாளருக்குப் போன் செய்தேன். "அந்தச் செய்தி விஷயமா ஒரு டீச்சர் வந்திருக்காங்க. மறுப்பு கேக்கறாங்க," என்றேன். மறுப்பு என்ற சொல்லை டீச்சர் சொல்லவில்லை, நான் சொன்னேன்.

"அவங்களா இது?"

"இல்லீங்க."

"செய்தில தப்பு ஒண்ணும் இல்லையே?"

"இல்லீங்க."

"அப்ப எழுதிக் குடுக்கச் சொல்லு. பேரு, ஸ்கூல் பேரு, கையெழுத்து. ஞாயித்துக்கெழமை போட்டுரலாம்."

டீச்சரிடம் சொன்னேன். அவர் கழுத்திலிருந்த விசிலின் கயிற்றை விரலில் சுற்றினார், பிரித்தார்.

"பேரு போட்டா தெரியாதவங்களுக்கும் தெரிஞ்சிடுமே சார்."

"பேரு போடலன்னா யாரு மறுக்கறாங்கன்னு தெரியாது டீச்சர்."

"வேற வழியே இல்லையா?"

"இல்ல," என்றேன்.

கடைக்காரப் பெண் ஒரு வெள்ளைத் தாள் கொடுத்தாள். டீச்சர் நின்றபடியே ஜெராக்ஸ் மெஷின் மேல் வைத்து எழுதினார். கரும்பலகையில் எழுதிப் பழகிய கை, பெரிய பெரிய எழுத்துகள், ஒரு பக்கம் முழுக்க வந்தது. அடித்தல் திருத்தல் இல்லை. கையெழுத்துப் போட்டு, அதற்குக் கீழே தன் வயதையும் எழுதினார். நான் கேட்கவில்லை. பேப்பருக்கு எழுதினால் வயது போட வேண்டும் என்று அவருக்கும் தெரிந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை நான்காம் பக்கத்தில் கீழே, ஒரு நிலத் தரகர் விளம்பரத்துக்குப் பக்கத்தில் வந்தது. ஏழு வரி. பெயர், பள்ளியின் பெயர், அடைப்புக்குறிக்குள் 32.

திங்கட்கிழமை பாசஞ்சர்.

"பேரு வந்துடுச்சு பாத்தியா."

"இல்லன்னு போட்டிருக்காப்பா."

"இல்லாதவ ஏன்யா வந்து இல்லன்னு சொல்றா? ஊர்ல இத்தினி டீச்சர் இருக்காங்க, வேற எவளாவது சொன்னாளா?"

"அதானே. வயசும் அதே வயசு."

மின்வாரியத்து அம்மாள் அன்று பூ கட்டவில்லை. பேப்பரை வாங்கிப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "பாவம். அப்படியே இருந்தாலும் பேரு போட்டிருக்கக்கூடாது," என்றார். அவரும் 'அப்படியே இருந்தாலும்' என்றுதான் சொன்னார்.

தாளாளர் டீச்சரைக் கூப்பிட்டுப் பேசினார். என்ன பேசினார் என்று அந்தப் பள்ளி எழுத்தர் பிறகு எனக்குச் சொன்னார். "உன்ன நான் நம்பறேம்மா. ஆனா இப்ப ஸ்கூலு பேரும் சேந்து வந்துடுச்சே. மொதல்ல வெறும் தனியார் பள்ளின்னுதான இருந்துச்சு." டீச்சர் அன்றே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டார், சொந்தக் காரணங்களுக்காக என்று. விசிலை மேசை மேல் வைத்துவிட்டுப் போனதாக எழுத்தர் சொன்னார். அது பள்ளிக்கூடத்து விசில் இல்லை, அவர் காசு போட்டு வாங்கியது, அதை யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை.

வியாழக்கிழமை விழுப்புரம் மைதானத்துக்கு என்னை அனுப்பினார்கள். முடிவுகள் எழுத வேண்டும். பலகையில் ஒட்டியிருந்த பட்டியலில் அந்தப் பள்ளியின் பெயர் மேல் நீல மையால் ஒரு கோடு. எதிர் அணிப் பெண்கள் ஏழு பேரும் களத்தில் இறங்கி, ஆளில்லாத பக்கத்தைப் பார்த்துக் கொஞ்ச நேரம் நின்றார்கள். நடுவர் விசில் ஊதினார். அவர்கள் கை தட்டிக்கொண்டு வெளியே வந்தார்கள். 'எதிரணி வராததால் வெற்றி பெற்றதாக அறிவிக்கப்பட்டது' என்று எழுதினேன். அந்த வாக்கியத்தில் தவறு எதுவும் இல்லை.

பங்குனியில் எல்லாம் மாறியது. வீரரின் மனைவி புகாரைத் திரும்பப் பெற்றார், இரண்டு வீட்டுப் பெரியவர்களும் பேசி முடித்தார்கள் என்றார்கள். அடுத்த போட்டித் தொடரில் கடைசி நிமிடத்தில் மூன்று பேரை இழுத்துக்கொண்டு அவர் கோட்டைத் தொட்டார். அணி ஜெயித்தது. மேம்பாலத்துக்குக் கீழே பட்டாசு வெடித்தார்கள். புதிய ஃப்ளெக்ஸில் புலி இல்லை, மனைவியும் குழந்தையும் இருந்தார்கள்.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் பாராட்டு விழா. கூட்டத்தில் எனக்குப் பின்னால் நின்றவர்கள் பேசிக்கொண்டார்கள்.

"கட்டினவளே ஏத்துக்கினா. நமக்கு இன்னா பேஜாரு?"

"ஆம்பள, ஏதோ சறுக்கிட்டான். ஆட்டத்தப் பாரு."

"அந்த டீச்சரு இப்ப எங்க?"

"எந்த டீச்சரு?"

ஒருவர் பெயரைச் சொன்னார். பள்ளிக்கூடத்துப் பெயரோடு சரியாகச் சொன்னார். அது நான்காம் பக்கத்தில் ஏழு வரிகளில் வந்த பெயர். உண்மையான அந்தப் பெண் லீவு முடிந்து திரும்பி வந்து இதே ஊரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அவரை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

விழாச் செய்தியை எழுதும்போது வீரருடைய வயதில் சந்தேகம் வந்தது. நடுவில் பிறந்த நாள் வந்திருக்குமோ என்று. அவர் வீட்டுக்கே போன் செய்து கேட்டேன். முப்பது ஆகிவிட்டது என்றார்கள். சரியாகப் போட்டேன். அதற்குப் பிறகு நான்கு மாதம் வேலை பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டேன். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.

அந்தத் தீபாவளிக்கு விழுப்புரத்தில் ஒரு பெரிய ஜவுளிக்கடைக்குப் போனேன். தங்கையின் பேத்திக்குத் துணி எடுக்க வேண்டும். மூன்றாவது மாடி, குழந்தைகள் பிரிவு. கூட்டம். நீலப் புடவைச் சீருடையில் பெண்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். எனக்கு முன்னால் வந்து நின்றவர் டீச்சர். கொஞ்சம் இளைத்திருந்தார். மார்பில் பெயர் அட்டை குத்தியிருந்தது. என்னை அடையாளம் தெரிந்தது என்பது அவர் அரை நொடி கையை நிறுத்தியதில் தெரிந்தது.

"யாருக்கு சார்?"

"தங்கச்சி பேத்திக்கு. ஃப்ராக்." பிறகு, "டீச்சர், நல்லா இருக்கீங்களா?" என்றேன்.

"இங்க டீச்சர்னு யாரும் கூப்பிடறதில்ல சார். வயசு என்ன?"

"ஆறு, ஏழு இருக்கும்."

அவர் அலமாரிப் பக்கம் திரும்பவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றார், மைதானத்தில் நிற்பது போல.

"இருக்கும்னா எப்படி சார் எடுக்கறது? ஒரு வயசு மாறினா அளவு மாறிடும். கேட்டுச் சொல்லுங்க."

தங்கைக்குப் போன் செய்தேன். இரைச்சலில் கேட்கவில்லை, படிக்கட்டுப் பக்கம் போய் மறுபடியும் செய்தேன். எட்டு முடிந்து ஒன்பது நடக்கிறது என்றாள். அந்தப் படிக்கட்டில் நின்றபோது வேறொரு எண்ணும் என் வாயில் இருந்தது. நாற்பத்தொன்று. திரும்பிப் போய் இதையும் சொல்லிவிடலாம், வேறு வழி இருந்தது என்று சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். நான் திரும்பியபோது அவர் வேறு ஒரு குடும்பத்துக்குத் துணி பிரித்துக் காட்டிக்கொண்டிருந்தார். காத்திருந்தேன்.

"எட்டு முடிஞ்சிடுச்சாம்," என்றேன்.

தலையசைத்தார். மேல் தட்டிலிருந்து மஞ்சளில் ஒன்றை எடுத்து, தோள்பட்டையில் இரண்டு விரலால் பிடித்து நீட்டிக் காட்டினார். சரி என்றேன். பில் சீட்டில் எழுதிக் கையில் கொடுத்தார். பெரிய பெரிய எழுத்துகள்.

"கீழ கவுன்டர்ல கட்டிடுங்க சார்," என்று சொல்லிவிட்டு அடுத்தவரிடம் போனார்.

ஃப்ராக் குழந்தைக்குச் சரியாக இருந்தது.